வாசல் இல்லாத உயிர்

ஆசிட் அக்காவின் பெயரில் உலகத்தில் எதுவும் கிடையாது. வீடு கணவர் பெயரில், ஸ்கூட்டர் மகள் பெயரில். ஆய்வகத்தில்கூட அவர் இருக்கைக்குமேல் இன்னும் முன்னவருடைய பெயர்ப் பலகைதான். அந்த முன்னவர் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

அந்த இருபத்திரண்டு வருடமும் கல்லைப் பொடித்து, ஆசிட்டில் கரைத்து, மிஞ்சும் கறுப்பு மண்டியைச் சல்லடையில் அலசி, ஸ்லைடில் ஒட்டிக் கொடுப்பவர் அவர்தான். மண்டியில் டைனோஃபிளாஜெல்லேட் கூடுகள் இருக்கும். டைனோசரின் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று யாரும் நினைக்க வேண்டாம். கடலில் மிதந்த ஒற்றைச் செல் உயிர் அது. காலம் சரியில்லை என்றால் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு தூங்கும். சரியானதும் கூட்டின் ஒரு மூடியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விடும். கூடு மட்டும் ஐந்து கோடி வருடம் கல்லுக்குள் கிடக்கும். பதினைந்து கூடுகளை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் வரும். அதற்குள் எத்தனை பேருடைய கௌரவம் அடங்கியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

துறைத் தலைவருக்கு ஆய்வகம் வைத்த பெயர் ‘பெரிய லென்ஸ்’. நாற்பத்தொரு புது இனங்களுக்குப் பெயர் சூட்டியவர். மனைவி பெயரில் ஒன்று, மாமியார் பெயரில் ஒன்று (அதற்கு முள் அதிகம், தற்செயல் என்பார்), நிதி ஒதுக்கிய அதிகாரி பெயரில் மூன்று, வீட்டு நாய் பெயரில் ஒன்று.

“அடுத்தது உனக்குத்தாம்மா” என்று அக்காவிடம் வருடா வருடம் சொல்வார். நாய்க்கு வைத்த வருடமும் சொன்னார்.

நாற்பத்திரண்டாவது வந்தபோது உறவுக்காரர்கள் தீர்ந்துவிட்டார்கள். அக்காவுக்குக் கிடைத்தது. அவர் பெயருக்கு ஒரு லத்தீன் வால் ஒட்டி, எட்டுப் பக்கக் கட்டுரை இதழுக்குப் போனது. ஆறு மூலை, தட்டையான உடல். விசேஷம் என்னவென்றால் வெளியே போக வாசலே இல்லை. “வெளியேற விரும்பாத உயிர். தனக்குள் தானே நிறைந்தது” என்று பெரிய லென்ஸ் எழுதியிருந்தார். எழுதும்போது கண் கலங்கியதாக அவரே சொல்லிக்கொண்டார்.

பக்கத்து அறையில் அவருடைய மனைவியின் தம்பி. ஆய்வகம் முழுக்க அவரை ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடும். ஒரு கட்டுரையில் யார் பெயர் முதலில் என்ற தகராறில் இருவரும் ஆறு வருடமாக ஒருவர் மைக்ராஸ்கோப்பில் மற்றவர் கண் வைப்பதில்லை. ஒரே பாறையிலிருந்து அக்கா இருவருக்கும் தனித்தனித் தட்டில் ஸ்லைடு கொடுப்பார். மச்சானும் அதில் ஒரு புது இனம் கண்டுபிடித்திருந்தார். உருண்டையானது, வாசல் திறந்தே கிடந்தது. மூடியைத்தான் எங்கும் காணோம். எந்த சர்வதேசக் கமிட்டியில் உறுப்பினராகத் துடித்தாரோ, அதன் தலைவர் பெயரை அதற்கு வைத்திருந்தார். அவருடைய கட்டுரை அடுத்த மாதம் வருவதாக இருந்தது.

பெரிய லென்ஸின் கட்டுரை வெளியாகப் பத்து நாள் இருக்கும்போது, அக்கா ஒரு புது ஸ்லைடைச் சரிபார்த்தார். நடுவில் ஓர் உருண்டைக் கூடு. அதன் வாசலில், பாதி திறந்தும் திறக்காமலும், ஆறு மூலைத் தகடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இருபத்திரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த பெயர் ஒரு மூடிக்கு வைத்த பெயர்! இப்போது சொன்னால் கட்டுரை திரும்பி வந்துவிடும், பெயரும் போய்விடும்.

ஆனால் அக்கா இத்தனை வருடம் சல்லடையை மட்டும் அலசிக்கொண்டிருக்கவில்லை. பெயர் சூட்டும் விதிப்புத்தகத்தை எடுத்தார். விதி தெளிவாக இருந்தது: ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால், முதலில் அச்சானதுதான் நிற்கும். முழு உயிரைப் பார்த்து வைத்தாலும் சரி, துண்டைப் பார்த்து வைத்தாலும் சரி.

ஸ்லைடைத் தன் டிராயரில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் மச்சான் எட்டிப் பார்த்தார். “அக்கா, மூடி ஏதாவது தனியா கண்ணுல பட்டுச்சா?”

“தனியாவா? சத்தியமா இல்ல சார்.”

பத்தாவது நாள் பெரிய லென்ஸின் கட்டுரை வெளியானது. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப்பில் அக்கா அந்த ஸ்லைடை மாட்டினார். அவசரம் என்று இருவரையும் தனித்தனியாக அழைத்தார். வந்து நின்ற பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரும்பிப் போனால் தோற்றதாகிவிடும் என்று உட்கார்ந்தார்கள்.

முதலில் பெரிய லென்ஸ்தான் பேசினார். “தூசி. ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு.”

“ஒட்டலை அத்தான், கச்சிதமா பொருந்துது.” மச்சானின் குரலில் ஆறு வருட மகிழ்ச்சி. “வாசலே இல்லாத உயிர்னு எட்டுப் பக்கம் எழுதினீங்களே, அதுதான் கதவே! கதவுக்கு எங்க இருந்து வரும் வாசல்?”

“கதவுன்னு எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம்.”

“சந்தேகத்துலதான் கண் கலங்குனீங்களா? நான் மூடி மூடின்னு தேடறேன், நீங்க அதுக்குப் பேர் வெச்சுக் கொண்டாடியிருக்கீங்க!”

பெரிய லென்ஸ் காது மடல்வரை சிவந்தார். ஆனால் நாற்பத்திரண்டு பெயர் வைத்தவர். விதி அவருக்கு மனப்பாடம். மெல்ல நிமிர்ந்தார்.

“மச்சான், உன் கட்டுரை வந்துடுச்சா?”

சிரிப்பு நின்றது. “அடுத்த மாசம்.”

“என்னுது வெள்ளிக்கிழமையே வந்துடுச்சுப்பா.”

மச்சான் விரல்விட்டு நாள் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். உங்கள் பெயரை வைத்துவிட்டேன் என்று கமிட்டித் தலைவருக்கு ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தார். பிறகு மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

“அக்கா, இந்த ஸ்லைடு எப்ப கிடைச்சது?”

“ரெண்டு பேரும் சேந்து பாத்தாத்தான் மரியாதையா இருக்கும்னு எடுத்து வெச்சிருந்தேன் சார்.”

திருத்தக் கட்டுரை ஒன்று எழுதியாக வேண்டும். அதில் யார் பெயர் முதலில் என்று நான்கு நாள் சண்டை நடந்தது. ஐந்தாம் நாள், ஆதாரமான ஒரே ஸ்லைடு மறுபடி பூட்டிக் கிடந்த டிராயரின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது இருவருக்கும் உறைத்தது. அக்காவின் பெயர் முதலில் வந்தது.

அச்சுக்குப் போகும்முன் அக்கா அந்த வரைவை வீட்டுக்கு எடுத்து வந்தார். சாப்பாட்டு மேசையில் கணவர், அக்கா பெயர் கொண்ட உயிரின் வர்ணனையை உரக்கப் படித்தார். “‘குட்டையான, பருத்த உடல். மேற்பரப்பு சொரசொரப்பு. கண்ணாடியை அரிக்கும் ஆசிட்டிலும் கரையாது.’ யாரு எழுதினது? நேர்ல பாத்த மாதிரியே இருக்கே!”

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். அக்கா தாளைப் பிடுங்கினார். முதல் ஆசிரியர் என்ற உரிமையில் ‘பருத்த’வை அடித்துவிட்டு ‘கம்பீரமான’ என்று எழுதினார்.

இதழ் அதை அப்படியே அச்சிட்டது.