சுவர்ப் பக்கத்துப் பதினேழு பேர்

கொன்செப்சியோன் நகரில் உள்ள ஒரு நினைவாற்றல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த யஸ்னா, என் எட்டாம் வகுப்பின் முப்பத்து நான்கு பேரையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்தாள். சன்னல் பக்கத்தார் பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதை எழுத வேண்டும். சுவர்ப் பக்கத்தார் அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து இரு பக்கத்துக்கும் ஒரே பரீட்சை. மூடி எழுதியவர்கள் முந்தினால் ஊரின் பதினொரு பள்ளிகளுக்கும் இந்த முறை போகும் என்று நகராட்சி சொல்லியிருந்தது.

தமாரிஸுக்குச் சுவர்ப் பக்கம் விழுந்தது. ஏற்கெனவே ஒரு வருடம் தோற்றவள். இம்முறையும் தோற்றால் அம்மாவோடு மீன் தொழிற்சாலைக்குப் போய்விடுவாள்.

"ஒத்திலியா டீச்சர், அவங்களுக்குச் சாப்பாடு, எங்களுக்குச் சமையல் புத்தகமா?" என்றாள். வகுப்பே சிரித்தது.

இரண்டாம் வாரமே சன்னல் பக்கம் பதில்கள் பொழிந்தன. தமாரிஸ் நான்கு முறை வாசித்தும் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று தெரியாமல் விழித்தாள்.

"இவளை மட்டும் அந்தப் பக்கம் மாத்திடும்மா" என்று யஸ்னாவிடம் கெஞ்சினேன்.

"ஒருத்திய மாத்தினாலும் ஆய்வு செத்துடும் டீச்சர். ஆறு வாரம் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோங்க."

"அதுக்குள்ள அவ வருஷமே போயிடும்."



மதியம் பருப்பு சூப்புக்கான வரிசையில் தமாரிஸிடம், கையில் புத்தகமில்லாமல், பாடத்திலிருந்து கேள்வி கேட்கத் தொடங்கினேன். அவளிடம் மட்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்து நின்றவளும் பதில் சொன்னாள். ஒரு வாரத்தில் சுவர்ப் பக்கத்துப் பதினேழு பேரும் தட்டோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னைக் கேளுங்க டீச்சர், என்னை!" போ என்று எந்தப் பிள்ளையிடம் சொல்வது?

பரீட்சையில் தமாரிஸ் ஏழுக்கு ஐந்து வாங்கித் தேறினாள். மறுநாள் யஸ்னா மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு பக்கத்தின் மதிப்பெண் பட்டைகளும் ஒரே உயரம்.

"ஆய்வுக்கூடத்துல ஒவ்வொரு தடவையும் பலிச்சது டீச்சர். நிஜ வகுப்புல ஒண்ணுமே இல்ல. பதினொரு பள்ளிக்கும் வேண்டாம்னு எழுதப் போறேன்."

"எழுதாத" என்றேன். "சூப் வரிசையில நான் சுவர்ப் பக்கத்துப் பிள்ளைங்களைத் தினமும் கேள்வி கேட்டேன். அவங்களும் நினைவிலிருந்துதான் பதில் சொன்னாங்க."

"எத்தனை பேரை?"

"எல்லாரையும்."

அவள் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் மறுபடி செய்யலாம். ஆனா பாதிப் பேரை நீங்க அப்படியே விட்டுடணும். தோத்தாலும். முடியுமா?"

ஏழாம் வகுப்பிலிருந்து வரப்போகிறவர்களின் பட்டியல் மேசையில் கிடந்தது. முடியாது என்றால் பதினொரு பள்ளிகளும் போயிற்று. முடியும் என்றால் அந்தப் பெயர்களில் பாதி.

"சொல்லுங்க டீச்சர்" என்றாள் யஸ்னா.

நான் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.