உரிபடாத முட்டைகள்

குணவதியைப் பெண் பார்க்கத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குக் கோலா தெர்லா ஊரிலிருந்து வருகிறார்கள் என்றதும் அக்கா ரஞ்சிதத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாய் தகப்பன் இல்லாத தங்கை. வருகிறவர்கள் ஒரு குறை சொல்லிவிடக்கூடாது. மிளகாய் அரைத்து வதக்கி முட்டைச் சம்பல் வைக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பவளத்திடம் முட்டை கேட்டிருந்தாள். விடிந்ததும் பவளம் கோழிக்கூட்டைத் திறந்து, சூடு ஆறாத முட்டைகளைச் சட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள்.

ரஞ்சிதம் பாதியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். உரித்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது. மீதியை, அம்மா செய்ததுபோல், பச்சைத் தண்ணீரில் உப்பள்ளிப் போட்டு மெதுவாக வேகவைத்தாள். அதுவும் பிய்ந்தது. ஐஸ் போலக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தாள். ஓட்டை நொறுக்கி உள்ளங்கையில் உருட்டினாள். கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பினாள்.

"மெல்ல உரி அக்கா," என்ற குணவதியின் மேல் எரிந்து விழுந்தாள். கடைசியில் சம்பலை மேலே அள்ளிப் பூசி மறைத்துவிட்டாள்.

சாப்பாட்டில் மாப்பிள்ளையின் அம்மா ருக்குமணி சம்பலை ஒதுக்கிப் பார்த்துச் சிரித்தாள். "என்னம்மா, முட்டைய எலி கொறிச்சிருச்சா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ரஞ்சிதத்துக்கோ முகமெல்லாம் பற்றி எரிந்தது.

"பக்கத்து வீட்டுல குடுத்தது லா. பழைய முட்டைய தள்ளி விட்டுட்டாங்க போல."

சொல்லி வாய் மூடவில்லை, ரசச் சட்டியோடு வாசலில் பவளம் நின்றாள். காலையிலிருந்து அடுப்படியில் கூடமாட ஒத்தாசை செய்தவள். சட்டியை வைத்துவிட்டு வெளியே போனாள்.

ருக்குமணிக்கு விஷயம் புரியவில்லை. "பழசா? பழைய முட்டைன்னா தோலு தானா கழண்டு வருமே. நான் கோழி வளக்குறவ லா. இது காலைல போட்ட முட்டை. ரெண்டு மூணு நாள் வச்சுத்தான் அவிக்கணும்."

ரஞ்சிதம் தலையை நிமிர்த்தவேயில்லை. குணவதி அவளைப் பார்த்த பார்வையில் உடம்பு கூசியது.

சம்பந்தம் கூடிவிட்டது. வந்தவர்கள் வெற்றிலை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ரஞ்சிதம் சந்தோஷப்பட முடியாமல் பவளத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியாம இல்ல ரஞ்சிதம். உன் மானம் போயிரக் கூடாதுன்னு என் மானத்த வித்துட்ட." கதவு சாத்திக்கொண்டது.

மறுநாளே லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு. 'பழைய முட்டைக்காரி' என்று எவளோ பவளத்தைக் கேலி செய்தாளாம். ரஞ்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை. நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யைக் கதவிடுக்கில் போய்த் திரும்ப வாங்க முடியாது என்று அவளுக்கே தெரிந்தது.

அன்று தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரம். கங்காணியும் பெண்களும் கூடியிருந்தார்கள். ரஞ்சிதம் பவளத்தின் பக்கத்தில் போய் நின்றாள். தன் கூடையை இறக்கிவைத்தாள்.

"பவளக்கா குடுத்தது அன்னிக்குப் போட்ட முட்டை. எனக்குத்தான் உரிக்கத் தெரியல. அவங்க மேல அபாண்டமா பழி போட்டுட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது மடல் சுட்டது. பவளம் அவளைப் பார்க்கவில்லை.

"கூடைய நகத்து," என்றாள். "மழை வருது."

ரஞ்சிதம் நகர்த்தினாள். பவளம் தன் கூடையை அதன் அருகிலேயே இறக்கிவைத்தாள்.