பிளாசிதாவின் மேல் கட்டில்

எங்கள் பொலிவியாவில், ஓருரோ பேருந்து நிலையத்தில் பிளாசிதா கோந்தார்கோ ஊதாச் சோளக் கஞ்சி விற்கிறாள். உயுனி உப்புவெளியைப் பார்க்கப் போகிற வெளிநாட்டுப் பிள்ளைகள், முதுகில் ஆள் உயரப் பையோடு, அவள் கடையில் நின்று குடித்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். வேலைவெட்டி இல்லாமல் அரை வருஷம் ஊர் சுற்றுகிறவர்களுக்கு, ஒரு கோப்பைக் கஞ்சியில் அரை பொலிவியானோ குறைக்காவிட்டால் உயிரே போய்விடும். குறைத்து வாங்கிய பிறகு, "நீங்க உப்புவெளி பாத்திருக்கீங்களா?" என்று ஒரு கேள்வி வேறு.

"நம்ம ஊருதானே, எங்க ஓடிடப் போகுது" என்பாள் பிளாசிதா. இதைச் சொல்லிச் சொல்லியே ஐம்பதை நெருங்கிவிட்டாள்.

ஒரு ஆகஸ்ட் மாதம், பழைய துணி விற்கிற இடத்தில் ஒரு பச்சை முதுகுப்பையை வாங்கிவந்தாள். பக்கத்துக் கடை நிக்காசியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உப்பு பாக்கப் போறியாக்கும்? உன் அடுப்பு மேல ஒரு டப்பா இருக்கே, அதப் பாத்துக்கோயேன்."

"அதுல ஜீப்பு ஓடாதுடி" என்று கடையை இழுத்து மூடினாள் பிளாசிதா.

எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். ஜீப்பைத் தனியாளாகப் பிடித்தால் கடையை விற்க வேண்டியதுதான். விடுதியில் பலர் தங்குகிற பெரிய அறையில், அடுக்குக் கட்டிலில் மேல் கட்டில் வாங்க வேண்டும், அதுதான் இருப்பதிலேயே மலிவு. அதே அறையில் தங்குகிறவர்கள் சேர்ந்து ஜீப்பு பிடிப்பார்கள், அவர்களோடு தொற்றிக்கொள்ளலாம். கட்டில் கிடைத்தால் உப்புவெளி. இல்லாவிட்டால் அடுப்பு மேல் டப்பா.

அவள் செய்த தவறு ஒன்றுதான். பையின் வார்கள் சால்வையில் வழுக்கின. அதனால் பையை அப்படியே வண்ணப் போர்வைக்குள் சுற்றி, பிள்ளையையும் உருளைக்கிழங்கையும் சுமக்கிற மாதிரி மார்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தொப்பி, இரட்டைப் பின்னல், அடுக்குப் பாவாடை என்று எங்கள் மலைநாட்டுப் பெண்களின் கோலம் வேறு. காலையில் உயுனியில் இறங்கி விடுதிக்குள் நுழைந்தவளைப் பார்த்து, முதலாளி ரெமிகியோ தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சலவைத் துணின்னா பின்பக்கம் போங்கம்மா."

"கட்டில் வேணும் அண்ணே. மேல் கட்டில்."

போர்வையை அவிழ்த்துப் பையைக் காட்டினாள். ரெமிகியோ பையைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். வெளிநாட்டவருக்கு மட்டும்.

"நம்ம ஆளுங்களுக்குப் பஸ் நிக்கற எடத்துல சத்திரம் இருக்கு. நான் என்ன செய்ய, விடுதியோட விதி."

"நீங்க எந்த நாடு அண்ணே?"

ரெமிகியோவும் இதே நாடுதான், பொத்தோசிக்காரர். அதைச் சொல்லாமல் கதவைச் சாத்தினார்.

வாசலுக்கு முன்னால் கழிவுநீர்க் குழாய்க்காக அவர் தோண்டி, மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் தோண்டிய மண்ணும் கல்லும். பிளாசிதா கற்களைப் பொறுக்கி, வாசற்படிக்கு நேரே தெருவில் வரிசையாக வைத்தாள். போர்வையை விரித்து உட்கார்ந்தாள். மறியல்.

எங்கள் நாட்டில் வேறெதை மதிக்காவிட்டாலும் இதை மதிப்போம். கல்வரிசை இருந்தால் தாண்டக் கூடாது. வைத்தவர் யார், எதற்கு என்பதெல்லாம் பிறகு.

எதிரே கம்பளிக் காலுறை விற்கிற பெத்ரோனா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"எதுக்கக்கா?"

"கட்டிலுக்கு."

"சரி, நியாயந்தான். அப்படியே கக்கூஸையும் சேத்துக்குங்க. நாள் பூரா இங்க நிக்கறேன், ஒருநாள் உள்ள விட்டதில்ல இந்த மனுஷன்."

விடுதிப் பிள்ளைகளை உப்புவெளிக்கு ஏற்றிப்போக ஜீப்பு வந்தது. ஓட்டுநர் சீரிலோ கல்லைப் பார்த்தார். இஞ்சினை அணைத்தார். மெல்லுகிற கோக்கா இலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி மூன்றாம் ஆளாக உட்கார்ந்தார்.

"அந்தப் பள்ளத்தை மூடச் சொல்லுங்க. போன வாரம் என் வண்டி அச்சு போச்சு."

உள்ளிருந்து பைகளோடு பிள்ளைகள் வந்தார்கள். பெல்ஜியத்துப் பெண் ஒருத்தி, "நாங்க ஜீப்புக்குப் பணம் கட்டிட்டோமே" என்றாள்.

"அதுக்கென்ன பண்றது, கல்லு இருக்கே" என்றார் சீரிலோ, மழையைக் காட்டுகிறவர் மாதிரி.

மத்தியானத்துக்குள் தெருவே உட்கார்ந்துவிட்டது. போர்வை நடுவே அவித்த கிழங்கு, பாலாடைக்கட்டி, பிளாசிதாவின் வறுத்த சோளம். பெல்ஜியத்துப் பெண் படியிலிருந்தே கை நீட்டிக் கிழங்கு வாங்கிக்கொண்டாள். ரெமிகியோ வெளியே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, பின்வாசல் வழியா வாங்க. தனி ரூமே தர்றேன். காசு வேணாம். யாருக்கும் தெரிய வேணாம்."

"எனக்கு என்ன பிச்சையா போடறீங்க? முன்வாசல். மேல் கட்டில். செவுத்துல எழுதின விலை. அந்தப் பலகையைக் கழட்டுங்க."

ரெமிகியோ ஜீப்பைப் பார்த்தார், முணுமுணுக்கிற பிள்ளைகளைப் பார்த்தார். உள்ளே போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிளாசிதா பாவாடையை உதறி எழுந்து முதல் கல்லைத் தூக்கினாள்.

"அக்கா, எங்க போறீங்க?" என்றாள் பெத்ரோனா. "கட்டில் வந்துச்சு. கக்கூஸ்?"

"பள்ளம்?" என்றார் சீரிலோ.

வைத்தவள் அவள்தான். எடுக்கிறது எல்லோரும் சேர்ந்துதான், அதுதான் மறியலின் முறை. அவள் கல்லை அவளே தாண்ட முடியாது. ரெமிகியோவுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததாகக் கேள்வி.

"கட்டில் தயார், வாங்க" என்றார் வேண்டுமென்றே.

பிளாசிதா கல்லைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"இவங்களும் எழுந்திரிக்கட்டும், வர்றேன்" என்று முன்னைவிட அகலமாகப் பாவாடையைப் பரப்பி உட்கார்ந்தாள்.

கக்கூஸுக்கு ரெமிகியோ அரை மணியில் தலையாட்டிவிட்டார். பள்ளத்துக்கு ஆள் இல்லை, நாளைக்கு என்றார். நாளை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று தெரியாதவர் அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்களுக்கும் அன்று தெரிந்துபோயிற்று. கல்லுக்கு உட்பக்கம் நின்றபடியே விடுதியின் வாளியாலும் மண்வெட்டியாலும் மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்கள். சீரிலோ ஒரு கையையும் அசைக்காமல், "இன்னும் கொஞ்சம் மிதிங்க தம்பி" என்று மேற்பார்வை பார்த்தார். பொழுது சாய்ந்திருந்தது. அன்றைய ஜீப்புப் பயணம் மறுநாளைக்குப் போயிற்று.

கற்களை எல்லோருமாக எடுத்தார்கள். பிளாசிதா பையைத் திரும்பப் போர்வைக்குள் சுற்றி, மார்பில் முடிச்சுப் போட்டு, முன்வாசல் வழியாக உள்ளே போனாள். பாவாடையைச் சுருட்டிப் பிடித்து ஏணியில் ஏறினாள். தொப்பியைத் தலைமாட்டில் வைத்தாள்.

கீழ்க் கட்டிலில் பெல்ஜியத்துப் பெண். அந்த அறையில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"எந்த நாடு?"

"இந்த நாடுதான். ஓருரோ. நீ?"

சொன்னாள். பிறகு, நாளைக் காலை ஜீப்பில் ஒரு இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டு, ஆளுக்கு எவ்வளவு என்பதையும் சொன்னாள்.

மேலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. இரண்டு பின்னல்களும் தொங்கின.

"அரை பொலிவியானோ குறைச்சுக்கோ."