திறந்தால் தப்பு

...அப்படியென்றால் ஆலன் எழுதியது முதல் நாளே சரியாகத்தான் இருந்திருக்கிறது, தப்பு என்னுடையது, ஒரே ஒரு வரி... ஜெப ஷீலா திரையில் விரலை வைத்து மறுபடியும் படித்தாள். பாஸ்வேர்டு இல்லாமல் ஃபைல் திறந்தால் ‘சரி’, திறக்காவிட்டால் ‘தப்பு’. பூட்டைச் சோதிக்கிறவள் கதவு திறந்தால் சந்தோஷப்படுவாளா, எப்படி இப்படித் தலைகீழாக எழுதினேன்? ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளி விவரங்களைப் பிளாப்பியில் பூட்டி வைக்க அவன் ஒரு புரோகிராம் எழுதினான், அது பூட்டுகிறதா என்று பார்க்க இவள் ஒன்று எழுதினாள், அந்த அருப்புக்கோட்டை கம்ப்யூட்டர் சென்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகள், அவன் திருச்சுழி பஸ்ஸில் வருவான், இவள் பாலவனத்தத்திலிருந்து, யார் முதலில் வந்தாலும் மற்றவருடைய கம்ப்யூட்டரையும் போட்டு வைப்பது வழக்கம்... மூன்று தடவை அழித்து எழுதினான், மூன்று தடவையும் தப்பு, தப்பு என்றே வந்தது. “என்னப்பா ஆலன், நீ செஞ்சது பூட்டுதா, தெறந்து விடுதா?” என்று முதலாளி ராஜகுரு எல்லோர் முன்னாலும் கேட்டார். “எனக்கே தெரியலண்ணே, நான் மெட்ராஸ் போறேன், அங்க மாமா கூப்புடுறாக.” அப்போதாவது என் புரோகிராமை ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா, “வாரேன் ஷீலா” என்றானே, அதற்கு நிமிர்ந்து ஒரு வார்த்தை, போகாதே என்று, சொல்லியிருக்கக் கூடாதா...

ஒரு வார்த்தையை மாற்றினாள். ஓட விட்டாள். சரி, சரி, சரி... பத்துச் சோதனையும் சரி. சிரிக்க வேண்டும் போலிருந்தது, கண்தான் கலங்கியது. இனி யாரிடம் சொல்ல, அவன் விலாசம்கூடக் கேட்டு வைக்கவில்லை. திருத்தியதை அவன் விட்டுப் போன பிளாப்பியில் சேர்த்துவிடலாம் என்று நகலெடுக்கக் கட்டளை கொடுத்தாள். அதே பெயரில் ஒரு ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, அதை அழித்து மேலே எழுதவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு அதைத் திறந்தாள்... இவளுடைய புரோகிராமேதான், அந்த ஒரு வரி மட்டும் திருத்தப்பட்டு, திறந்தால் ‘தப்பு’ என்று. தேதியைப் பார்த்தாள். அவன் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ராஜகுரு எல்லோர் முன்னாலும் கேட்டதற்கு முந்தின நாள்.

“என்னம்மா ஷீலா, கண்டுபிடிச்சியா?” ராஜகுரு உள்ளேயிருந்து கேட்டார். அவள் மறுபடியும் அந்தத் தேதியைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் ஒரு சொல் சொல்லவில்லை... அந்தத் திட்டு என் மேல் விழக்கூடாது என்றா, இல்லை, போவதற்கு அவனுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்ததா?