அக்கரைத் தண்ணீரின் குளிர்

“உங்க பொண்ணு கை தூக்குவாளா?”

ஏரியைக் கடக்கும் போட்டிக்கு மகளின் பெயரைக் கொடுக்கப் போன அன்று விசிலக்கா கேட்ட ஒரே கேள்வி இதுதான். எத்தனை வருஷமாக நீந்துகிறாள், எவ்வளவு தூரம் தாங்குவாள் என்றெல்லாம் கேட்கவில்லை. தூங்கும்போதுகூடக் கழுத்தில் விசிலோடுதான் தூங்குவாள் என்று பெயர் வாங்கிய அந்த ஏரிக் காவல்காரியை இஸ்திரிக்காரி ஏற இறங்கப் பார்த்தாள்.

“எதுக்குத் தூக்கணும்?”

“முடியலைன்னா.”

“என் பொண்ணுக்கு முடியாம போகாது.”

“நீந்துறவங்க நிறையப் பேர் வர்றாங்கம்மா. கை தூக்கத் தெரிஞ்சவங்கதான் குறைச்சல்,” என்றாள் விசிலக்கா.

இஸ்திரிக்காரிக்குச் சுருக்கென்றது. மலையடிவார ஹோட்டலின் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவள் அவள். ஈரத்துணிக் கூடையின் மறுபக்கத்தை யாராவது பிடிக்க வந்தால் முறைப்பாள். யாரிடமும் போய் எதையும் கேட்டு நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே மகளையும் வளர்த்திருந்தாள். நடக்கப் பழகுவதற்கு முன்பே தண்ணீரைக் கண்டால் பாயும் அந்த மகளுக்கு ஊரே ‘வாத்து’ என்று பேர் வைத்துவிட்டது.

போட்டிக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து சலவைக்கூடத்தில் வேறு பேச்சில்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்கும் நாத்தனார் வாயைக் கிளறினாள்.

“ஏன் அண்ணி, வாத்து ஜெயிச்சுட்டா நம்மளையெல்லாம் ஞாபகம் வச்சுக்குவாளா?”

“வச்சுக்குவா. ஒழுங்கா மடிக்கத் தெரியாத அத்தையை யாராவது மறப்பாங்களா?”

கோடை பிறந்து கொஞ்ச நாளே ஆகியிருந்தது. போட்டியன்று வெயில் பளீரென்று அடித்தது. படகில் ஏறும் முன் இஸ்திரிக்காரி தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல வெதுவெதுப்பாக இருந்தது. இதற்குப் போய்க் கை தூக்குவாளா என்று விசிலக்கா பயமுறுத்தினாளே என்று நினைத்துக்கொண்டாள்.

நீந்துகிறவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்திலேயே ஒரு படகு. அதில் துடுப்புப் போடக் காவல்காரர் ஒருவர், நீந்துகிறவரின் வீட்டு ஆள் ஒருவர். வாத்துவின் படகுக்கு விசிலக்காவே வந்திருந்தாள்.

“குளிர் ஏறினா, கை கால் அடங்குறதுக்கு முன்னாடியே நாக்கு குழற ஆரம்பிக்கும்,” என்றாள் துடுப்பை வலித்தபடி. “எனக்கு உங்க பொண்ணோட பேச்சு பழக்கமில்ல. உங்களுக்குத் தெரியும். அப்பப்ப எதையாவது கேட்டுட்டே வாங்க. பதில் சரியா தப்பான்னு பாக்காதீங்க, எப்படிச் சொல்றான்னு கேளுங்க.”

இஸ்திரிக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஏய் வாத்து, நேத்து பாத்திரம் கழுவினது யாரு?”

“நான்தான்.” மூச்சுக்குத் தலையைத் திருப்பியபோது பதில் வந்தது. “அடுப்பைத் தொடைக்காதது நீ.”

விசிலக்கா சிரித்துவிட்டாள்.

“உங்க அத்தையைப் பத்தி என்ன நினைக்கிறே?”

“கரைக்குப் போய்ச் சொல்றேன். இங்கிருந்து சொன்னா அத்தைக்குக் கேட்டுரும்.”

நடு ஏரி வருவதற்குள் வாத்து எல்லோரையும் முந்திவிட்டாள். மற்ற படகுகள் பின்னால் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தன. இஸ்திரிக்காரிக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. நாளைக்குச் சலவைக்கூடத்தில் என்ன சொல்லலாம், எந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்துவிட்டாள்.

அக்கரையை நெருங்க நெருங்கத் தண்ணீரின் நிறம் கருத்தது. விசிலக்கா கயிற்றில் கட்டிய வெப்பமானியை இறக்கி, எடுத்துப் பார்த்து, முகத்தைச் சுருக்கினாள்.

“நேத்து பூரா காத்து அங்கிருந்து நம்ம கரைக்கு அடிச்சுதில்ல? மேல இருந்த சூட்டுத் தண்ணியைப் பாலாடையை ஒதுக்குற மாதிரி நம்ம பக்கம் ஒதுக்கிடுச்சு. இங்க அடியில கிடந்த பனித்தண்ணி மேல வந்திருக்கு. காலையில நான் பாத்தப்பகூட இவ்வளவு இல்ல.”

வாத்துவின் கைவீச்சு குறுகியிருந்தது. நீட்டிப் போட்ட கை இப்போது தண்ணீரைத் தட்டிவிட்டு மடங்கியது.

“வாத்து, உன் செருப்பு அளவு என்ன?”

பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள்.

“ஏ… ழு.”

வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. கரையில் கட்டியிருந்த தோரணத்தின் நிறங்கள் தெரிந்தன. கை தட்டுகிறவர்களின் முகங்கள்கூடத் தெரிந்தன.

விசிலக்கா துடுப்பை நிறுத்தினாள். “இவ எப்பவும் இப்படித்தான் பேசுவாளா? உண்மையைச் சொல்லுங்க.”

இல்லை. அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். வாயாடிக் குடும்பம். ஆனாலும் ‘ஆமா’ என்ற சொல் இஸ்திரிக்காரியின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இன்னும் கொஞ்ச தூரம். ஒரு விரிப்பைத் தேய்த்து மடிக்கிற நேரம்கூட ஆகாது. அவள் வாயைத் திறந்தாள்.

மூச்சுக்குத் திரும்பிய வாத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த கையைப் போடவில்லை. மல்லாந்து மிதந்தாள். வலது கை மெல்ல எழுந்தது. நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை.

விசில் ஊதிய சத்தத்தில் மலையே அதிர்ந்தது.

கரையோரக் குடிசையில் வாத்துவைப் படுக்க வைத்து, ஈரத்தைக் களைந்து, போர்வைகளைச் சுற்றினார்கள். கையைச் சூடு பறக்கத் தேய்க்கப் போன இஸ்திரிக்காரியை விசிலக்கா தடுத்தாள். “தேய்க்காதீங்க. நெருப்புப் பக்கமும் கொண்டு போகாதீங்க. தானா சூடேறட்டும்.” நடுக்கம் குறைந்து, நாக்கு நேராகி, சர்க்கரை போட்ட வெந்நீரை அவளே பிடித்துக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் விசிலக்கா அடுத்த படகைப் பார்க்கப் போனாள்.

“அம்மா.”

“என்னடி?”

“அந்தக்கா கேட்டப்போ நீ ஆமான்னுதானே சொல்லப் போனே?”

இஸ்திரிக்காரி போர்வை ஓரத்தைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி சரிசெய்தாள்.

“உன் முகத்தைப் பாத்தேன். அதான் நானே தூக்கிட்டேன்.” வாத்து குவளைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள். “கோவமா?”

இடுப்பு விட்டுப்போகும் என்று தெரிந்தும் எத்தனை கூடைகளைத் தனியாகத் தூக்கியிருக்கிறாள் அவள். ஒரு தடவையாவது வாய்விட்டு, கொஞ்சம் பிடி என்று யாரையும் கூப்பிட்டதுண்டா? தன்னால் ஆயுசுக்கும் ஆகாத காரியத்தை, கரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஊர் பார்க்க, இந்தச் சுண்டைக்காய் செய்துவிட்டாள். இவளை நான் பெற்றேன் என்று நினைத்துக்கொண்டாள் இஸ்திரிக்காரி.

“கோவமா? போடி,” என்றாள். “சலவைக்கூடத்துல இதை எங்கிருந்து சொல்ல ஆரம்பிக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்.”

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. முன்னணியில் வந்த பெண், நிலைமை மோசமானதால் காவலர்களால் மீட்கப்பட்டு வெளியேற்றப்பட்டார் என்றது அறிவிப்பு.

இஸ்திரிக்காரி நிமிர்ந்தாள். “யாரு மீட்டதாம்?”

“விடும்மா. மைக்கைப் பிடிச்சவர் ஏதோ சொல்றார்.”

“நீயாத் தூக்கின கைடி அது.”

“அம்மா, வேணாம். எல்லாரும் பாப்பாங்க. அம்மா…”

இஸ்திரிக்காரி எழுந்தாள். நனைந்திருந்த உடையை ஒரு உதறு உதறி நீவிவிட்டுக்கொண்டாள். கதவைத் தள்ளித் திறந்து, மைக் வைத்திருந்த மேசையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்து போனாள்.