தாவிரே துறைச் சண்டை

என் மாமா செவெரினைச் சுட்டுக் கொன்றவர் ஓட்டோ என்பது எங்கள் கோரோமி ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். அவரே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்ட விஷயம் அது. நெருக்கடி முடிந்து சமாதானம் பேசிய காலத்தில், தாவிரே ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள நுகாரி ஊரிலிருந்து பன்றிகளையும் சிப்பி மாலைகளையும் சுமந்துகொண்டு ஒரு கூட்டம் வந்தது. முன்னால் நடந்து வந்தவர் ஓட்டோ. என் அம்மா ஸ்கொலாஸ்டிகாவின் காலடியில் வில்லையும் அம்பையும் முறித்துப் போட்டு, விழுந்து, "உன் தம்பியச் சுட்டது நான்தான்" என்றார். அம்மா அவரோடு சேர்ந்து பாக்கு மென்றார். பகை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு கல்லைக் குழியில் புதைத்து மண்ணைத் தள்ளினார்கள். நான் அப்போது அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமி.

நெருக்கடி என்று பூகன்வில் தீவில் நாங்கள் சொல்வது போரைத்தான். செப்புச் சுரங்கத்தை மூடச் சொல்லி ஆரம்பித்தது. முதலில் தீவுக்காரர்கள் ஒரு பக்கம், தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்த அரசின் ராணுவம் மறுபக்கம். போகப் போகத் தீவுக்காரர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். மேட்டிலிருந்த எங்கள் ஊர் புரட்சிப் படையோடு நின்றது. கீழேயிருந்த நுகாரி ராணுவத்தோடு சேர்ந்து எதிர்ப்புப் படை ஆனது. ஒரே மிஷன் பள்ளியில் படித்து, ஒரே கோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர்கள், ஆற்றின் இரு கரையிலும் நின்று ஒருவரையொருவர் சுட்டார்கள்.

நான் வளர்ந்து சரித்திரம் படித்தேன். ஊர் ஊராகப் போய் நெருக்கடி எப்படி நடந்தது என்று பதிவு செய்யும் வேலை கிடைத்தது. யார் ஜெயித்தார்கள் என்பதல்ல எங்கள் கேள்வி. எதை வைத்துச் சுட்டார்கள், எந்த வழியாகப் போனார்கள், யார் சமைத்தார்கள், யார் சுமந்தார்கள், அதையெல்லாம் இன்றைக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான். தெற்கில் பல ஊர்களை முடித்த பிறகு என் சொந்த ஊருக்கு வந்தேன்.

முதலில் க்ளீட்டஸ் மாமாவிடம் போனேன். செவெரின் மாமாவின் சிநேகிதர். புரட்சிப் படைக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தவர்.

"எழுதிக்கோ பெலாஜியா. தண்ணிக் குழாய் ஒண்ணு, ஆணி ஒண்ணு, சைக்கிள் டியூப் ரப்பர் கொஞ்சம். அவ்வளவுதான் துப்பாக்கி. உங்க யுனிவர்சிட்டில இத சொல்லிக் குடுத்தானுங்களா?"

"இல்ல மாமா. தோட்டாவுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஜப்பான்காரன் குடுத்தான்."

"ஜப்பான்காரனா?"

"அவன் எங்க குடுத்தான்! எங்கப்பா காலத்துல இங்க வந்து சண்ட போட்டான்ல, அப்ப புதைச்சுட்டுப் போனது. கிழங்கு தோண்டற மாதிரி தோண்டினோம். சிலது வெடிக்கும். சிலது யோசிக்கும்."

தேங்காய் எண்ணெயில் லாரி ஓட்டிய கதையைச் சொன்னார். உப்பு, சோப்பு, மண்ணெண்ணெய் எதுவும் தீவுக்குள் வராமல் அரசு அடைத்து வைத்திருந்த காலம் அது. லாரி போனால் வாழைப்பழம் பொரிக்கிற வாசனை வருமாம். பசியோடு இருந்தவர்கள் லாரியைத் திட்டுவார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"குழாய் வெடிச்சுடாதா மாமா?" என்று கேட்டேன்.

அவர் பாக்கு எச்சிலைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். "வெடிக்கும். வேற கேளு" என்றார்.

மறுநாள் ஆற்றைக் கடந்து நுகாரிக்குப் போனேன். ஓட்டோ கொக்கோ விதையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் யார் மகள் என்று தெரிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ராணுவ முகாமைப் பற்றி, அங்கே அடைபட்டிருந்த குடும்பங்களைப் பற்றி, காய்ச்சலில் செத்த குழந்தைகளைப் பற்றி நிதானமாகப் பேசினார். செவெரின் மாமா இறந்த தாவிரே துறைச் சண்டையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேச்சு சுருங்கியது.

"நான் சுட்டேன். அவன் விழுந்தான்."

"எங்க பட்டுது ஐயா?"

"நெஞ்சுல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான்."

இந்த வேலையில் நூற்றுக்கணக்கான பேரிடம் பேசியிருக்கிறேன். ஒரு சண்டையைச் சொல்கிறவர் வருஷம் போகப் போக அதைப் பெரிதாக்குவார். மழை சேரும், இருட்டு சேரும், எதிரியின் முகம் சேரும். ஓட்டோவின் கதையில் ஒன்றுமே சேரவில்லை. அது எனக்கு உறுத்தியது.

சண்டை நடந்த இடத்துக்கு இரண்டு தரப்பையும் கூட்டிப் போய் நிற்க வைப்பது எங்கள் வழக்கம். அம்மாவிடம் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போ" என்றார். "ஆனா க்ளீட்டஸ் வாய சும்மா வெச்சுக்க மாட்டான். ஓட்டோ பாவம், மூக்கு மேல கோவம் வர்ற ஆளு. பாத்துக்கோ."

செவெரின் மாமா இறந்தபோது அம்மா ஊரில் இல்லை. கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு மலைக்காட்டில் ஒளிந்திருந்தார். செய்தி வந்து சேர்வதற்குள் க்ளீட்டஸும் மற்றவர்களும் உடலைப் பாயில் சுற்றிப் புதைத்துவிட்டார்கள். அம்மா பார்த்தது மண்மேட்டைத்தான்.

ஆற்றில் தண்ணீர் குறைந்த ஒரு காலையில் நானும் க்ளீட்டஸும் ஓட்டோவும் துறைக்குப் போனோம். இருவரும் முதலில் முகம் பார்க்கவில்லை. பிறகு க்ளீட்டஸ்தான் ஆரம்பித்தார்.

"என்னடா, தொப்பை போட்டுட்ட? ராணுவச் சோறு இன்னும் கரையலையா?"

"நீ மட்டும் என்ன? பள்ளிக்கூடத்துல என் கிழங்கத் திருடித் தின்ன உடம்புதான அது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓட்டோ கரையிலிருந்த பழைய புன்னை மரத்தடிக்குப் போய், "இங்கேருந்துதான்" என்றார். செவெரின் விழுந்தது எங்கே என்று க்ளீட்டஸிடம் கேட்டேன். அவர் தண்ணீரில் இறங்கி, எதிர்க்கரையில் ஆறு திரும்பும் இடத்திலிருந்த பெரிய பாறைக்குப் பின்னால் போய் நின்றார்.

நான் ஓட்டோ நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். பாறை தெரிந்தது. க்ளீட்டஸ் தெரியவில்லை.

"மாமா, கையத் தூக்குங்க!"

"தூக்கிட்டுத்தான் நிக்கிறேன்! வலிக்குது!"

குரல்தான் வந்தது. ஆறு இடம் மாறும். பாறை மாறாது. புன்னையும் அன்றைக்கே பெரிய மரம்.

"ஐயா, வேற எங்கயாவது நின்னிருப்பீங்களோ?"

"இருக்கலாம்."

"எங்கன்னு ஞாபகம் இருக்கா?"

ஓட்டோ என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீயே பாத்து சொல்லு. எங்க நின்னா தெரியுமோ, அங்கதான் நின்னேன்."

இடுப்பளவு நனைந்து திரும்பி வந்த க்ளீட்டஸின் காதில் அது விழுந்தது. அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"எழுதாத பெலாஜியா" என்றார். பிறகு, "இல்ல, எழுது. இவன் எங்கயும் நிக்கல. யாரும் அவனச் சுடல. நான் செஞ்சு குடுத்த துப்பாக்கி. குழாய் பின்பக்கமாப் பொளந்துடுச்சு. முகத்துல பாதியும் வலது கையும் போச்சு. அதான் யாருக்கும் காட்டாம நானே சுத்தினேன், அப்புறம்தான் புதைச்சோம்."

ஓட்டோ நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என் துப்பாக்கில அன்னிக்குத் தோட்டாவே இல்ல. ராணுவம் எங்கள நம்பாது. துப்பாக்கிய எல்லாருக்கும் குடுப்பானுங்க, தோட்டா ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். நான் சும்மா கத்திட்டு ஓடினேன்."

"அப்ப ஏன் ஐயா ஒத்துக்கிட்டீங்க?"

"உங்கம்மா, சுட்டவன் வந்து நின்னாத்தான் சமாதானத்துக்கு உக்காருவேன்னுட்டா. யாரும் வரல. எங்க பசங்கள்ல எவனோ சுட்டுட்டுப் பயந்து கெடக்கான்னு நெனச்சேன். எல்லாம் கல்யாணம் ஆகாத பசங்க. உங்க ஊர் வழியாப் போகாம ஆஸ்பத்திரிக்கு வழி கிடையாது. எங்கக்கா பிள்ளைக்கு அப்ப நெஞ்சுச் சளி. சரி, எவனாவது ஒருத்தன் நிக்கணும், நான் நின்னுட்டுப் போறேன்னு போனேன்."

அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. க்ளீட்டஸிடம் திரும்பினார்.

"என் பொண்ணு தெக்லாவ சந்தையில 'கொலகாரன் மக'ன்னு சொல்றானுங்கடா. அவளுக்கு உங்க பக்கத்துலேர்ந்து வந்த சம்பந்தம் அதாலதான் நின்னுபோச்சு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

"நீ ஒத்துக்கிட்டு நின்னப்ப தொறந்திருக்கணும். நாக்கு எழல. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் இன்னும் கஷ்டமாயிடுச்சு."

ஓட்டோ ஒரு கல்லை எடுத்தார். அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். ஆற்றில் வீசினார். வேண்டாமென்றால் எழுத மாட்டேன் என்று இருவரிடமும் சொன்னேன்.

"எழுது" என்றார் ஓட்டோ. "என் பேர எனக்குத் திருப்பிக் குடு. ஆனா மொதல்ல உங்கம்மாவுக்குத் தெரியணும். அவ காதுக்கு வேற வழியாப் போகக் கூடாது."

"நானே சொல்றேன்" என்றார் க்ளீட்டஸ்.

அம்மா சமையல் கொட்டகையில் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். க்ளீட்டஸ் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அம்மாவின் கை நிற்கவில்லை.

"வலிச்சுதா அவனுக்கு?"

"ரொம்ப நேரம் இல்ல."

"ஏதாவது சொன்னானா?"

க்ளீட்டஸ் தயங்கினார். "'டேய், உன் குழாய் மட்டம்டா'ன்னான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செவெரின் மாமா அப்படித்தான் பேசுவாராம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "போ இங்கேருந்து" என்றார். க்ளீட்டஸ் போனார்.

செய்தி ஊருக்குள் பரவியபோது இளவட்டங்கள் கொதித்தார்கள். யாரும் சுடவில்லை என்றால் சமாதானமே பொய்தானே, நுகாரிக்காரன் பன்றியைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்றார்கள். எனக்கும் உள்ளூரப் பயம்தான். சரித்திரம் எழுத வந்து, ஆறிப்போனதைக் கிளறிவிட்டேனோ என்று தூக்கம் கெட்டது.

அம்மா அவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். எங்கள் வழக்கப்படி நிலமும் குலமும் பெண்கள் கையில். அம்மா பேசினால் கேட்பார்கள்.

"என் தம்பி சண்டையில செத்தான். சண்ட போட்டது ரெண்டு ஊரும். அதுக்குத்தான் உக்காந்தோம், அது பொய் இல்ல. ஓட்டோ தலையில நாம வெச்சது மட்டும்தான் பொய். அத எறக்கி வைக்க நான் போறேன். வர்றவன் வா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். கொழுத்த பன்றி ஒன்று, தேங்காய் எண்ணெயில் பிசைந்த கிழங்கு ஒரு கூடை. கொதித்த பையன்களில் சிலரே பன்றியைச் சுமந்தார்கள். ஓட்டோவின் முற்றத்தில் நுகாரி ஊரே நின்றது.

"செய்யாததுக்கு என் கால்ல விழுந்த. இப்ப என் முறை" என்றார் அம்மா.

"வேணாம் ஸ்கொலா. உனக்கு முட்டி வலின்னு கேள்விப்பட்டேன். விழுந்தா யாரு தூக்கறது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஓட்டோ திரும்பி மகளைக் கூப்பிட்டார். தெக்லா என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். இவகிட்ட சொல்லு" என்றார் ஓட்டோ.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கப்பா என் தம்பியக் கொல்லல. நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். உன்ன யாராவது ஏதாவது சொன்னா என்கிட்ட வா."

தெக்லா தலையை அசைத்தாள். ஓட்டோ கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

நெருக்கடியில் இறந்தவர்களுக்கான அந்த வருஷ நினைவு நாள் பூசையில் க்ளீட்டஸ் எழுந்து, தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னார். நம்பியவர்கள் உண்டு. நம்பாதவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் வருஷா வருஷம் போடும் சண்டை நாடகத்தில் செவெரின் இன்னமும் எதிரி சுட்டுத்தான் சாகிறார். ஏன் மாற்றவில்லை என்று வாத்தியாரைக் கேட்டேன். "குழாய் வெடிச்சு செத்தார்னா பசங்க சிரிப்பாங்கம்மா" என்றார். என் பதிவில் நடந்ததையும் எழுதினேன், நாடகத்தையும் எழுதினேன். இரண்டும் இந்தப் போரைச் சேர்ந்தவைதான்.

க்ளீட்டஸோடு மட்டும் அம்மா பேசுவதே இல்லை. அவர் வாரா வாரம் விறகு வெட்டிக் கொண்டுவந்து கொட்டகை ஓரம் அடுக்கிவிட்டுப் போவார். அம்மா அதை எடுத்து எரிப்பார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மழைக்காலத்தில் ஒருநாள் அடுப்பு பற்றவே இல்லை. கொட்டகை முழுக்கப் புகை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பாதையில் போய்க்கொண்டிருந்த க்ளீட்டஸைப் பார்த்துக் கத்தினார்:

"பச்ச விறகக் கொண்டாந்து போட்டிருக்கியே, உனக்குக் கண்ணு இல்ல?"

கொஞ்ச நேரம் கழித்து க்ளீட்டஸ் மாமா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார்.

"பெலாஜியா, உங்கம்மா என்னத் திட்டிட்டா!" என்றார்.