மாவுக்கட்டு

அருங்காட்சியகத்தில் அந்தப் பழங்காலப் பிராணிக்கு எல்லாரும் வைத்த பெயர் முண்டம். வால், விலா, கால் நான்கு எல்லாம் இருந்தன, தலைதான் இல்லை. எலும்பு தோண்டும் அக்காவும் எலும்பு ஒட்டும் தம்பியும் அந்தத் தலையைத் தேடி பல நிற மண் பட்டை பட்டையாக அடுக்கிய மேடுகளில் ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். "முண்டத்தைக் கட்டிக்கிட்டு அழற ரெண்டு முண்டங்க" என்று காவலாளிகூடக் கேலி செய்தான்.

அன்று மத்தியானம் தலை கிடைத்தேவிட்டது. சிவப்புப் பட்டைக்கும் சாம்பல் பட்டைக்கும் நடுவே ஓடிய ஊதா மண்ணில் கண்குழி ஒன்று தெரிந்தது. அக்கா அழுதே விட்டாள்.

தொட்டால் பொடியும் எலும்பு. கை முறிந்தவனுக்குப் போடுவதுபோல் சாக்குத்துணியைப் பிளாஸ்டர் மாவுக் கரைசலில் தோய்த்து மாவுக்கட்டுப் போட்டால்தான் தூக்கமுடியும். அதற்குள் மேற்கே கறுத்துவிட்டது. அந்த மண்ணோ எரிமலைச் சாம்பல் படிந்து களிமண்ணானது. காய்ந்தால் சோளப்பொரி மாதிரி வெடித்துக் கிடக்கும். நனைந்தால் உப்பிச் சோப்பாக வழுக்கும். ஆனாலும் அக்கா பயப்படவில்லை. கட்டு இறுக அரைமணி போதுமே.

கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். அக்கா விரலால் அழுத்திப் பார்த்தாள். கொழகொழவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து அழுத்தினாள். அப்படியேதான் இருந்தது.

"டேய், மாவு மூட்டையை எங்கடா வச்சிருந்த?"

"வண்டி பின்னாலதான்."

"தண்ணி கேன் பக்கத்துலயா?"

தம்பி மூட்டையின் அடியைத் தடவிப் பார்த்தான். ஈரம். மூட்டையிலேயே ஈரம் குடித்துவிட்ட மாவு அப்புறம் எந்த ஜென்மத்திலும் இறுகாது. எலும்பு ஒட்டியே வயிறு வளர்ப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

"திட்டிடு அக்கா."

"திட்டினா இறுகுமாடா?"

மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மேலே விழுவதைத் தடுக்கலாம், சரிவில் கீழாக ஊறி வருவதை எதைக்கொண்டு தடுப்பது? மண் உப்பியது. கட்டுக்குள்ளே ரொட்டி நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அக்கா தார்ப்பாயை விட்டுவிட்டு மாவுக்கட்டை நெஞ்சோடு சேர்த்துக் கவிழ்ந்தாள். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்கள். இவளுக்குக் கைக்குள் இருக்கும்போதே போயிற்று. ஊதாச் சேறு விரலிடுக்கு வழியாக ஒழுகியது. அதில் எது மாவு, எது மண், எது தலை என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"போன மழைதான் இதை வெளிய காட்டுச்சு," என்றாள். "இந்த மழை எடுத்துக்கிச்சு. நாம எதுக்குடா நடுவுல?"

தம்பி தேற்ற வாயெடுத்தான். அவன் கண் எதிர்ச்சரிவில் நிலைகுத்தி நின்றது. தண்ணீர் அரித்த இடத்தில் வெள்ளையாக வரிசையாகப் பற்கள் தெரிந்தன.

"அக்கா... அங்க இன்னொண்ணு வெளிய வருது."

அக்கா தலையைத் தூக்கவேயில்லை.

"பாக்காதடா," என்றாள். "மாவு இல்ல."